ஹார்லன் நோவாட்னியின் கட்டைவிரல்

2003ஆம் வருடம் மே மாதம் ஹார்லன் நோவாட்னியின் சட்டைப் பொத்தான்கள் மாறின. துளைக்குள் நுழைத்துப் போடுகிற பொத்தானுக்குப் பதிலாக, அழுத்தினால் மூடிக்கொள்கிற பொத்தான். மனைவி ஆர்லீன் அப்படி ஆறு சட்டை வாங்கிவந்து அலமாரியில் தொங்கவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"மாடு மேய்க்கறவன் மாதிரி இருக்கு," என்றார் கண்ணாடி முன் நின்று.

"மேய்க்கத்தானே போறீங்க," என்றாள் ஆர்லீன். "இருபத்தஞ்சு உருப்படி."

அந்த இருபத்தைந்து உருப்படிகளும் பேஸ்பால் ஆடுகிற பையன்கள். பெரிய அணி ஒன்று. அதன் கீழே படிக்கட்டு மாதிரி ஆறு கிளை அணிகள். கேல்டன் அணி கீழிருந்து மூன்றாவது படி. ஐயோவாவில், மிசிசிப்பிக் கரையில், தானியக் கிடங்குக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் அவர்கள் மைதானம். இருபத்தைந்து பேரில் இரண்டு பேர் மேலே வரை ஏறினால் அது நல்ல வருடம். அந்த இரண்டு பேர் யார் என்று முன்கூட்டியே சொல்வது ஹார்லனின் வேலை. மற்ற இருபத்துமூன்று பேர் யார் என்று சொல்வதும் அதே வேலைதான். அதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

வயது ஐம்பத்தொன்பது. ஒரு காலத்தில் அதே மைதானத்தில் கேட்சராக இருந்தவர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பந்தை வாங்கி, அடிக்குக் காத்திராமல் அடுத்த தளத்துக்கு நழுவி ஓடுகிறவன் போய்ச் சேர்வதற்குள் பந்தை அங்கே எறிந்து அவனை வெளியேற்றவேண்டிய ஆள். இரண்டு கோடைக்காலம் ஆடினார். இரண்டாவது கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜரின் அறைக்குள் கூப்பிட்டார்கள். நாலு நிமிடம் கழித்து வெளியே வந்தபோது அவருடைய லாக்கரின் மேல் ஒட்டியிருந்த பெயரை யாரோ உரித்திருந்தார்கள். பசை மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் பண்ணை பண்ணையாகப் போய் மக்காச்சோள விதை விற்றார். போன ஊரில் ஆட்டம் நடந்தால் பார்ப்பார். பார்த்த பையன்களைப் பற்றி நாலு வரி எழுதிப் பெரிய அணிக்குத் தபாலில் அனுப்புவார். யாரும் கேட்கவில்லை. நாலு வருடம் யாரும் பதில் போடவும் இல்லை. ஐந்தாவது வருடம் ஒரு கடிதம் வந்தது. 'நீங்கள் எழுதியதில் மூன்று பேரைப் பற்றிச் சொன்னது சரியாக இருந்தது. எங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் அந்த மூன்றிலும் தவறினார்கள். வேலைக்கு வர முடியுமா?'

இந்த வேலையில் மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஐம்பது என்றால் பெரிய அணியில் சராசரி. ஓட்டம், எறி, மட்டை என்று தனித்தனியாகப் போடவேண்டும். ஹார்லன் நாற்பத்தைந்தும் போடமாட்டார், ஐம்பத்தைந்தும் போடமாட்டார். "அது பயந்தவன் போடற மார்க்," என்பார். எண்பது ஒரே ஒருவனுக்குப் போட்டிருக்கிறார். அவன் கல்யாணம் செய்துகொண்டு மாமனாரின் டயர் கடைக்குப் போய்விட்டான்.

அவர் உட்காரும் இடம் வலைக்குப் பின்னால், நாலாவது வரிசை. பக்கத்து நாற்காலியில் ஏமஸ் டில். வேறொரு பெரிய அணியின் ஆள். தங்கள் அணிக்கு இங்கிருந்து யாரைத் தட்டிக்கொண்டு போகலாம் என்று பார்க்க வருபவர். எதிரிதான். இருபது வருடமாக இருவரும் ஒரே பொட்டலத்தில் நிலக்கடலை தின்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. நேரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், கருத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. கேட்சர் இரண்டாம் தளத்துக்கு எறிந்தால், எல்லாக் கட்டைவிரல்களும் ஸ்டாப்வாட்சை அழுத்தும். பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தத்தில் தொடக்கம். இரண்டாம் தளத்தில் நிற்பவனின் கையுறையில் விழும்போது முடிவு. இரண்டு விநாடி என்றால் சராசரி. ஒன்று தொண்ணூறு என்றால் நல்ல எறி. அதற்கும் கீழே போனால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"உனக்கு என்ன?" என்று ஒருவர் கேட்பார்.

மற்றவர் எண்ணைச் சொல்வார். அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்து என்ன எழுதுகிறோம் என்பதை மட்டும் கேட்கக் கூடாது.

அந்தக் கோடையில் கேல்டனில் இரண்டு கேட்சர்கள். முதலாமவன் ட்ராய் வெக்ஸ்லர், கான்சாஸ்காரன். மட்டையில் நல்ல பலம். ஏப்ரல் மாதமே ஹார்லன் அவனைப் பார்த்து எழுதிவிட்டார். எறி ஐம்பது, மட்டை ஐம்பது. இரண்டாமவன் அன்செல்மோ, பனாமாக்காரன், பத்தொன்பது வயது. ஃப்ளோரிடாவில் இருந்த பயிற்சி முகாமிலிருந்து மே கடைசியில்தான் வந்து சேர்ந்தான். குட்டையானவன். மட்டை நாற்பது. ஆனால் எறி? ஹார்லனின் ஸ்டாப்வாட்ச் அவனுக்கு மறுபடி மறுபடி ஒன்று எண்பத்தொன்பது காட்டியது. குறிப்பேட்டில் எழுதினார். எறி அறுபது.

ஜூலையில் கல்லூரி முடித்த புதிய கேட்சர் ஒருவன் வருவதாக இருந்தது. மூன்று பேருக்கு இடமில்லை. பழைய இருவரில் ஒருவன் போகவேண்டும். ஜூன் 20ஆம் தேதி ஹார்லன் அறிக்கை அனுப்பினார். 'அன்செல்மோவை வைத்துக்கொள்ளவும். இந்த எறி தேடினால் கிடைக்காது.' கிளை அணிகளின் இயக்குநர் டுவைட் மெக்கீ அதைப் படித்துவிட்டு, சரி என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினார்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், கிரெட்டா ஆட்டம் பார்க்க வந்தாள்.

கிரெட்டா அவருடைய ஒரே மகள். முப்பத்துமூன்று வயது. மாநில அரசின் எடை அளவைத் துறையில் சோதனையாளர். தானியக் கிடங்குகளில் லாரியோடு நிறுக்கும் தராசுகள் இருக்கும். அவை சரியாக நிறுக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. வண்டி நிறைய ஐம்பது பவுண்டு எடைக்கற்களை ஏற்றிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போவாள். அப்பாவைப் போலவே அதிகம் பேசமாட்டாள். அன்று அவருக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தாள்.

"வாம்மா அதிகாரி," என்றார் ஏமஸ். "எங்க கடலைப் பொட்டலத்தையும் நிறுத்துப் பாத்துடு. உங்கப்பன் என் பங்கையும் சேத்துத் திங்கறான்."

"பொட்டலம் யார் வாங்கினது?" என்றார் ஹார்லன்.

"வாங்கறது வேற, திங்கறது வேறய்யா."

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் கேட்சர் இரண்டாம் தளத்துக்கு ஒருமுறை எறிந்து பழகுவான். அன்செல்மோ எறிந்தான். ஸ்டாப்வாட்சுகள் சொடுக்கின.

"உனக்கு என்ன?"

"ஒண்ணு எண்பத்தொம்போது," என்றார் ஹார்லன்.

"எனக்கு ஒண்ணு தொண்ணூறு," என்றார் ஏமஸ். "பையன் சுத்தம்."

நாலாவது சுற்றுக்குப் பிறகு கிரெட்டா வாயே திறக்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஹார்லன் நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோதுதான் சொன்னாள்.

"அப்பா, ஏமஸ் மாமா உங்ககிட்ட பொய் சொல்றார்."

"எதுல?"

"நேரத்துல. அவர் ஸ்டாப்வாட்ச்ல ரெண்டு பூஜ்யம் ரெண்டுன்னு இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு தொண்ணூறுன்னு சொல்றார். ஒரு தடவை இல்ல. ஆறு தடவை பாத்தேன்."

ஹார்லன் சிரித்தார். "எதிர் அணிக்காரன்மா அவன். குழப்பி விடறான்."

"குழப்பறவர்னா அவர் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் சொல்வார். இவர் நீங்க சொன்னதை ஒட்டியே சொல்றார். நீங்க எண்பத்தேழுன்னா அவர் எண்பத்தெட்டு. நீங்க சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கறதில்ல."

ஹார்லன் வண்டிச் சாவியை வலது கையில் வைத்திருந்தார். அதை இடது கைக்கு மாற்றினார். கதவைத் திறந்தார்.

மறுநாள் காலை சமையலறையில் இருந்த சின்ன டிவியில் கிரெட்டா ஒரு டேப்பைப் போட்டாள். கேல்டன் அணியின் உதவிப் பயிற்சியாளர் எல்லா ஆட்டத்தையும் வீடியோ எடுப்பார். அவரிடம் வாங்கி வந்திருந்தாள். விநாடிக்கு முப்பது படம். ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி நகர்த்தலாம். அன்செல்மோவின் கையுறையில் பந்து விழுந்த படத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள். ஆர்லீன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். ஹார்லன் மேசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"அறுபது படம்," என்றாள் கிரெட்டா. "ரெண்டு விநாடி. நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணு எண்பத்தொம்போது."

"அடுத்தது அறுபத்தொண்ணு."

"ஒண்ணு தொண்ணூறு."

பதினான்கு எறிகள் பார்த்தார்கள். ஒன்றில்கூட ஹார்லனின் எண் அதிகமாக இல்லை. எல்லாமே குறைவு, கிட்டத்தட்ட ஒரே அளவு குறைவு.

"கைதவறினா ரெண்டு பக்கமும் தவறும்," என்றாள் கிரெட்டா. "சில நேரம் கூட, சில நேரம் குறைய. இது ஒரே பக்கமா தவறுது. சத்தம் கேட்டு நீங்க அழுத்தறதுக்குள்ள பத்துல ஒரு பங்கு விநாடி போயிடுது. முடிவுல பந்து போய்ச் சேர்றதைக் கண்ணால பாத்துக்கிட்டே இருக்கீங்க. எப்ப விழும்னு முன்னாடியே தெரியுது. அதனால அங்க பிந்தறதில்ல."

"ஸ்டாப்வாட்ச் பழசு."

"அதை நேத்தே பாத்துட்டேன். அது சரியா இருக்கு."

அவள் இன்னொரு டேப்பைப் போட்டாள். ஏப்ரல் மாத ஆட்டம். வெக்ஸ்லர் எறிந்தது. ஐம்பத்தொன்பது படம். ஹார்லனின் குறிப்பேட்டில் ஒன்று தொண்ணூற்றேழு. இரண்டும் ஒன்று. அடுத்ததும் ஒன்று. ஏப்ரலில் கட்டைவிரல் சரியாக இருந்திருக்கிறது. வெக்ஸ்லரை நிறுத்தது நல்ல தராசு. அன்செல்மோவை நிறுத்தது கெட்ட தராசு.

"எப்பலேருந்துப்பா?" என்றாள் கிரெட்டா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுப்பின் பக்கம் திரும்பி நின்றிருந்த ஆர்லீன்தான் பதில் சொன்னாள். "மே மாசம். சட்டை வாங்கினப்போ."

ஹார்லன் தன் வலது கையைப் பார்த்தார். மேசைமேல் அது சும்மா இருந்தது. நடுக்கம்கூட இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வேலையில் பிந்த ஆரம்பித்த கூலியாள் மாதிரி இருந்தது.

அந்த நோய்க்கு நவம்பரில்தான் பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்த பிறகு பதினோரு வருடம், மூன்று மாதம் அவர் உயிரோடு இருந்தார். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை ஹார்லனின் மனதில் நோய் இல்லை. அன்செல்மோ இருந்தான்.

உண்மையைச் சொன்னால் எறி அறுபது என்பது ஐம்பது ஆகும். எறியில் இரண்டு பையன்களும் சமம். மட்டையில் வெக்ஸ்லர் மேல். பனாமாப் பையனின் பெயரை உரித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்த ஒரே வெளியாள் ஏமஸ்; அவர் ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அப்போது வெக்ஸ்லர் போவான், அவன் செய்யாத தப்புக்கு.

முட்டை ஆறிப்போனது.

"உன் தராசு தப்பா இருந்தா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். யாரும் அதைத் தொடக் கூடாது."

"அதுல ஏற்கெனவே நிறுத்த சோளம்?"

"திருப்பி நிறுப்பாங்க. வேற தராசுல."

ஹார்லன் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தார். அதை அவர் பதினெட்டு வருடமாகக் கழுத்திலோ பையிலோ வைத்திருந்தார். சமையலறை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையங்களுக்கும் பழைய பாட்டரிகளுக்கும் நடுவில் போட்டு மூடினார்.

மறுநாள் காலை மெக்கீக்குப் போன் செய்தார்.

"டுவைட், நான் ஜூன்ல அனுப்பின நேரம் எல்லாம் தப்பு."

"எந்த நேரம்?"

"எல்லா நேரமும். என் கை பிந்துது. வீடியோவுல எண்ணிப் பாத்துட்டோம்."

மெக்கீ நாற்பது வயதுக்காரர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவார். "ஹார்லன், வெக்ஸ்லரை அனுப்பறதுக்குக் காகிதமெல்லாம் தயார் பண்ணிட்டேன்."

"அதான் இன்னைக்கே கூப்பிட்டேன்."

"அப்போ பனாமாப் பையனுக்கு எறி எவ்வளவு?"

"ஐம்பது."

"மட்டை நாப்பது. அப்புறம் நான் எதுக்காக அவனை வச்சுக்கணும்?"

ஹார்லன் குறிப்பேட்டில் அன்செல்மோவின் பக்கத்தைப் புரட்டினார். எண்களைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எதையோ பார்த்திருக்கிறோம், எண்ணை நம்பி அதை எழுதாமல் விட்டுவிட்டோம் என்று மட்டும் உள்ளே அரித்தது.

"எனக்கு இந்த வாரம் குடுங்க. திரும்பப் பாக்கறேன். ஸ்டாப்வாட்ச் இல்லாம."

"ஸ்டாப்வாட்ச் இல்லாம என்னத்தைப் பாப்பீங்க?"

"அதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

மெக்கீ மூச்சை விட்டார். "திங்கக்கிழமை வரைக்கும். செவ்வாய்க்கிழமை புதுப் பையன் வந்துடுவான்."

புதன்கிழமை ஹார்லன் நாலாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். ஏமஸ் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். முதல் சுற்றுக்கு முன் அன்செல்மோ எறிந்தான். ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச்தான் சொடுக்கியது.

ஏமஸ் திரும்பிப் பார்த்தார். "எங்கய்யா உன்னுது?"

"இழுப்பறைல. உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

ஏமஸ் ஒரு கடலையை உடைத்தார். தின்னவில்லை. "ஜூன் முதல் வாரத்துலேருந்து."

"ஏன்யா சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? உன் விரல் தூங்குதுன்னா?" ஏமஸின் முகம் சிவந்திருந்தது. "சொன்னா நீ வீட்டுல உக்காந்துடுவே. உன் நாற்காலிக்குக் கணினியோட எவனாவது சின்னப் பையன் வருவான். கடலை திங்கமாட்டான். ஒரு நாளைக்கு மூணு தடவை தயிர் திம்பான். நான் அவன் பக்கத்துல உக்காரணும்."

"உன்னால ஒரு பையனைத் தப்பா எழுதிட்டேன்."

"என்னாலயா? உன் கட்டைவிரலால."

"சரி. பாதிப் பாதி," என்றார் ஹார்லன். ஏமஸின் கையிலிருந்த கடலையை எடுத்துத் தானே தின்றார். அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது.

ஹார்லனுடைய கால்சட்டையின் வலது பையில் அன்று மக்காச்சோள மணிகள் இருந்தன. விதை விற்ற காலத்தின் பழக்கம். பண்ணைக்காரனிடம் பேசும்போது கையில் நாலு மணி உருட்டிக்கொண்டிருந்தால் பேச்சு ஓடும். அன்று காலை கொட்டகையிலிருந்து இரண்டு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேல்டனின் பந்து எறியும் பையன்கள் இளசுகள். அவர்கள் எறிவதில் பாதி மண்ணில் குத்தும். மண்ணில் குத்திய பந்தைக் கேட்சர் நெஞ்சால் தடுத்து முன்னால் போட்டுக்கொண்டால், ஒரு மணி வலது பையிலிருந்து இடது பைக்கு. பந்து அவனைத் தாண்டிப் பின்னால் ஓடிவிட்டால், ஒரு மணி சட்டைப் பைக்கு. இதற்கு விரைவு வேண்டாம். கண் இருந்தால் போதும். இடது கை போதும்.

ஐந்து ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு காகித உறை: தடுத்த மணிகள் ஒன்றில், தவறவிட்டவை இன்னொன்றில். வெக்ஸ்லர் இரண்டு, அன்செல்மோ மூன்று.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன் அன்செல்மோ வலைக்கு அருகில் வந்து நின்றான். அவனிடம் என்ன எழுதினோம் என்று சொல்லக் கூடாது. அவனும் கேட்கக் கூடாது. இரண்டு பேருக்கும் தெரியும். அவன் கேட்டது வேறு.

"ஐயா, பச்சைச் சோளத்தை அப்படியே திங்கறீங்களா? பல்லு போயிடும். எங்கம்மா வறுத்து, உப்புப் போட்டுக் குடுப்பாங்க."

"திங்கல தம்பி. எண்ணறேன்."

"எத்தனை இருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாது."

பையன் சிரித்தான். பிறகு குனிந்து காலில் கட்டியிருந்த காப்புகளை இறுக்கினான். ஹார்லன் அவன் முன்கைகளைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிப்போயிருந்தது. பந்து பட்ட இடங்கள். வெக்ஸ்லரின் கைகள் சுத்தமாக இருந்தன. வெக்ஸ்லர் சோம்பேறி இல்லை. கையுறையை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பான். இவன் பிடிக்கப் பார்ப்பதில்லை. உடம்பைக் கொண்டுபோய் முன்னால் வைக்கிறான்.

அதற்குப் பிறகு ஹார்லன் கேட்சரை மட்டும் பார்க்கவில்லை. எறிகிறவர்களையும் பார்த்தார். அன்செல்மோ உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பையன்கள் பந்தைத் தாழ்வாக, மண்ணை ஒட்டி எறியத் துணிந்தார்கள். மட்டைக்காரர்கள் காற்றை அடித்துவிட்டு நடந்தார்கள். வெக்ஸ்லர் உட்கார்ந்திருக்கும்போது அதே பையன்கள் பயந்து பந்தை உயரமாக எறிந்தார்கள். மட்டைக்காரர்கள் அதை வேலிக்கு அனுப்பினார்கள். பந்து கேட்சரைத் தாண்டினால் ஓடிவிடலாம் என்று மூன்றாம் தளத்தில் காத்து நின்ற எதிர் அணிக்காரன், அன்செல்மோ இருந்தால் இரண்டடிதான் முன்னால் வந்தான். வெக்ஸ்லர் இருந்தால் ஐந்தடி. ஓடுகிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது ஹார்லனுக்குத்தான். ஒரு மாதமாக அவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை சமையலறை மேசையில் உறைகளைக் காலி செய்தார். ஆர்லீனும் கிரெட்டாவும் எண்ணினார்கள். அன்செல்மோ தடுத்தது ஐம்பத்திரண்டு. தவறவிட்டது ஒன்று. வெக்ஸ்லர் தடுத்தது இருபத்தொன்பது. தவறவிட்டது எட்டு.

"இன்னொரு தடவை எண்ணு," என்றார்.

"எண்ணிட்டேன்பா."

"அரசாங்கத்துக்கு எண்ணற மாதிரி எண்ணு."

கிரெட்டா மறுபடி எண்ணினாள். அதேதான்.

அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். வலது கையால் பேனா பிடித்து எழுத அவருக்கு நேரமாகிறது என்பதை அன்றுதான் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டார்கள். "நீ எழுது," என்றார். "சொல்லுங்க," என்றாள்.

முதல் வரி: 'மே கடைசியிலிருந்து நான் எடுத்த நேரங்கள் அனைத்தும் தவறு. ஸ்டாப்வாட்ச் சரி. என் கட்டைவிரல் தவறு.' இரண்டாவது வரி: 'அன்செல்மோவின் எறி ஐம்பது. அறுபது அல்ல.' அதன் பிறகு சோளக் கணக்கு, ஆட்டம் ஆட்டமாக. கடைசியில்: 'தடுப்பு எழுபது. இந்த எண்ணை நான் இதற்கு முன் ஒரு கேட்சருக்கும் போட்டதில்லை. இவனை வைத்துக்கொண்டால் உங்கள் எறியாட்கள் அனைவரும் ஒரு படி மேலே போவார்கள். வெக்ஸ்லரின் மட்டையும் வீணாகக் கூடாது. அவனை வேறு இடத்தில் நிறுத்திப் பார்க்கவும்.'

"அப்புறம் இதையும் போடு," என்றார். "இனிமே நான் நேரம் எடுக்கமாட்டேன். அது வேணும்னா வேற ஆள் பாத்துக்கங்க. மத்ததுக்கு என்னை வச்சுக்கறதா இருந்தா வரேன்."

கிரெட்டா எழுதினாள். கையெழுத்தை மட்டும் அவர் போட்டார். ஐந்து எழுத்துக்குப் பிறகு பெயர் சின்னதாகிச் சின்னதாகிக் கோட்டில் கரைந்தது.

திங்கட்கிழமை மெக்கீயிடமிருந்து போன் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதிய ஆட்டம். கோடை முகாம் பிள்ளைகள் ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். காது கிழிந்தது. ஹார்லன் பதினொரு மணிக்கே மைதானத்துக்குப் போனார். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பழைய சிவப்புக் காரின் டிக்கி திறந்திருந்தது. முதல் தளத்தில் ஆடும் பையன், வில்க்ஸ், பையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். இருபத்துநாலு வயது. இரண்டு வருடமாக மட்டை முப்பதைத் தாண்டாதவன். ஹார்லன்தான் அப்படி எழுதியிருந்தார், போன வருடம். அதில் தவறு இல்லை.

அவனிடம் போனார். இடது கையை நீட்டினார். பையன் ஒரு கணம் குழம்பி, தானும் இடது கையை நீட்டினான்.

"எவ்வளவு தூரம் ஓட்டணும்?"

"டுல்சா. ஒம்போது மணி நேரம்."

"நடுவுல சாப்பிட்டுட்டுப் போ. நான் சாப்பிடாம போனேன். அது தப்பு."

வில்க்ஸ் அவரை உற்றுப் பார்த்தான். "நீங்களும் இங்கேயா?"

"இங்கேதான். அதே கதவு."

பையன் தலையாட்டினான். டிக்கியை மூடினான்.

நாலாவது வரிசைக்கு வந்தபோது ஏமஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கிரெட்டாவும் வந்திருந்தாள், அன்று விடுப்பு எடுத்திருந்தாள். முதல் தளம் காலியாகிவிட்டது என்று ஹார்லன் அவளிடம் சொல்லவில்லை. அதற்கு என்ன பொருள் இருக்கலாம் என்று சொன்னால் பலிக்காமல் போய்விடும் என்று ஒரு பயம்.

பதினொன்றரைக்கு வெக்ஸ்லர் வந்தான். கையில் கேட்சரின் வட்டக் கையுறை இல்லை. முதல் தளத்துக்குரிய நீளக் கையுறை. யாரிடமோ இரவல் வாங்கியது, பழசு. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பிறகு புதிய கல்லூரிப் பையன். எல்லாமே புதுசாக மின்னியது.

பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. முகாம் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏமஸ் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார். ஹார்லனின் இடது கை பைக்குள் ஒரு சோளமணியை உருட்டிக்கொண்டிருந்தது. வலது கையை மடியில் வைத்திருந்தார். கிரெட்டா பின்னாலிருந்து அதைப் பார்த்தாள்.

ஆட்டக்காரர்கள் அறையிலிருந்து வரும் படிகளில் ஒரு தலை தெரிந்தது. பிறகு தோள். அன்செல்மோ முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி வந்தான். வேலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். இடது காலில் காப்பைக் கட்டினான். வலது காலில் கட்டினான். இரண்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்தான். அன்றைய எறியாளைப் பார்த்துக் கையுறையை நீட்டினான்.

கிரெட்டாவின் கை ஹார்லனின் தோளில் வந்து உட்கார்ந்தது. அதைத் தட்டிக்கொடுத்தார், இடது கையால்.

"ம்," என்றார் ஏமஸ். பொட்டலத்தைப் பிரித்தார். "தயிர் திங்கறவன் வரமாட்டான் போல."

மெக்கீ அன்று மாலை ஒற்றைச் சொல் அனுப்பினார்: 'சரி.' அதை அவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தார்கள்.

முதல் சுற்றிலேயே எதிர் அணிக்காரன் ஒருவன் முதல் தளத்திலிருந்து ஓடினான். அன்செல்மோ எழுந்து எறிந்தான். பந்து நேராகப் போனது. ஓடியவன் சறுக்கினான். நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். தப்பிவிட்டான்.

ஏமஸின் ஸ்டாப்வாட்ச் சொடுக்கியது. அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு என்ன?" என்று கேட்டார் ஹார்லன்.

ஏமஸ் அவரைப் பார்த்தார். கிரெட்டாவைப் பார்த்தார்.

"ரெண்டு பூஜ்யம் ஒண்ணு," என்றார்.

"நன்றி," என்றார் ஹார்லன். பின்னால் திரும்பாமலே குறிப்பேட்டை மகளிடம் நீட்டினார். "எழுதிக்கோம்மா. ரெண்டு பூஜ்யம் ஒண்ணு. அடுத்த பந்து மண்ணுல குத்தும், பாரு."

குத்தியது. பையன் அதன் முன்னால் போய் விழுந்தான். ஹார்லன் ஒரு மணியை இடது பைக்கு மாற்றினார்.